எந்தச் சுடலை, எந்த அட்ரஸ்டஸ்

கொடைக்கு, அதாவது ஊர்க்கோயில் திருவிழாவுக்கு, வரி எழுதுகிற நோட்டு ஒன்றை நெல்லைப் பக்கத்துக் கோயில் எதிலாவது எடுத்துப் பாருங்கள். வெறுமனே ‘சுடலை’ என்று ஒரு பேர் அதில் இருக்காது. மா. சுடலை, கீழத்தெரு. இ. சுடலை, செக்கடி வீடு. இன்னொரு மா. சுடலை வந்துவிட்டால் தாத்தா பேர் சேரும். அதுவும் ஒத்துப்போனால் தொழில் சேரும்: டெய்லர் சுடலை, லோடுமேன் சுடலை. இருவரில் ஒருவர் நெட்டையாக இருந்துவிட்டால் வேலை சுலபம். ஒருவர் கட்டிய வரி இன்னொருவர் பேரில் ஏறினால் கொடை முடிவதற்குள் வழக்கு எழும் என்பதால், நோட்டு எழுதுகிறவர் இதில் கண்ணும் கருத்துமாக இருப்பார்.

கிரேக்கப் புராணம் வாசிக்கிறவருக்கும் அப்படி ஒரு நோட்டு வேண்டும். ஹெர்குலிஸ், அகிலீஸ் போன்ற ஆட்களுக்கு இல்லை. ஓர் அடியில் பேர் சொல்லப்பட்டு, அடுத்த அடியில் ஈட்டி வாங்கிச் சாகிற சில்லறை ஆட்களுக்கு. இவர்கள் பேரைத் தட்டினால் வருகிற இணையப் பக்கங்களில் பாதி, மூன்று பேர் கதையை ஒருவர் தலையில் கட்டிவைத்திருக்கும்.

அட்ரஸ்டஸிலிருந்து தொடங்கலாம். டிராய் நகர் மேல் கிரேக்கர் தொடுத்த போரைப் பாடுகிற ஹோமரின் காவியம் இலியட். அது ஒன்றிலேயே இந்தப் பேரில் நான்கு பேர். முதலாமவர் ஆர்கோஸ் நகரத்துக்காரர், தீப்ஸ் நகர் மேல் படையெடுத்த எழுவரின் தலைவர். இலியட் நடக்கிற காலத்துக்கு அவர் பழைய ஆள். நேரில் வரமாட்டார், பேச்சில்தான் வருவார்; 23-ஆம் காண்டத்தில் அவருடைய அரியான் என்ற குதிரையைப் பற்றிய பேச்சு அப்படி ஒன்று. இரண்டாமவர் பெர்க்கோட்டே ஊர் மெரோப்ஸின் மகன். 2-ஆம் காண்டத்துப் படைப் பட்டியலில் உடன்பிறந்த அம்ஃபியஸோடு வருகிறார். அப்பா குறி சொல்கிறவர்; போகாதீர்கள் என்று தடுத்தும் கேளாமல் போருக்கு வந்த பிள்ளைகள். மூன்றாமவரின் குதிரைகள் 6-ஆம் காண்டத்தில் புதர்க்கிளையில் சிக்கி ஏர்க்காலை முறித்துக்கொண்டு ஓடிவிடுகின்றன. கீழே விழுந்தவர் கிரேக்கத் தலைவன் மெனலாஸின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, பொன் தருகிறேன், உயிரை விடு என்று கெஞ்சுகிறார். மெனலாஸ் மனம் இளகும்போது அண்ணன் அகமெம்னான் ஓடிவந்து குத்திவிடுகிறான். நான்காமவர் 16-ஆம் காண்டத்தில் அகிலீஸின் தோழன் பட்ரோக்ளஸ் கொன்று தள்ளுகிற ஒன்பது பேரில் முதல் பேர். தகப்பன் இல்லை, ஊர் இல்லை, பேர் மட்டும்.

வாசிக்கிறவர் வழுக்கி விழுகிற இடம் இரண்டாமவரும் மூன்றாமவரும். இரண்டு பேருமே டிராய் பக்கத்து ஆள். இரண்டும் ஒருவர்தான் என்று கை தானாக எழுதிவிடும். ஆனால் 11-ஆம் காண்டம் 328-ஆம் அடிக்குப் பிறகு கிரேக்க வீரன் டயோமிடீஸ், பெர்க்கோட்டே மெரோப்ஸின் மக்கள் இருவரைக் கொல்கிறான். அங்கே பிள்ளைகளின் பேரே கிடையாது, தகப்பன் பேரும் ஊரும்தான். அந்த இரண்டும் 2-ஆம் காண்டத்தோடு அப்படியே பொருந்துகின்றன. 6-இல் செத்தவர் 11-இல் மறுபடி சாக முடியாது, ஆகவே இரண்டு ஆட்கள். தேடுபெட்டியில் ‘அட்ரஸ்டஸ்’ என்று எத்தனை தடவை போட்டாலும் 11-ஆம் காண்டத்து வரி அகப்படாது என்பதைக் கவனியுங்கள். பேரில் ஒரு தடவை தேடினால், தகப்பன் பேரில் ஒரு தடவை தேடியே ஆக வேண்டும்.

கூட வந்த அம்ஃபியஸும் தனி ஆள் இல்லை. 5-ஆம் காண்டத்தில் செலாகஸின் மகன் அம்ஃபியஸ் என்று பைசஸ் ஊர்க்காரர் ஒருவர், கிரேக்க வீரன் ஏஜாக்ஸ் கையால் சாகிறார்.

இவ்வளவு பேருக்கு ஒரே பேர் எப்படி வந்தது? அதற்கு என்னைக் கேட்டால் குரோமியஸைத்தான் காட்டுவேன். டிராய் அரசன் ப்ரையமின் மகன் குரோமியஸ் 5-ஆம் காண்டத்தில் டயோமிடீஸிடம் சாகிறான். அதே காண்டத்தில் கிரேக்கன் ஒடிசியஸ் கொல்கிற, டிராய்க்குத் துணை வந்த ஏழு லிசியர்களில் ஒரு குரோமியஸ். 8-இல் கிரேக்க வில்லாளி டியூசரின் அம்புக்கு விழுகிற எட்டுப் பேரில் ஒரு குரோமியஸ். மைசியர் தலைவன் ஒருவன் 2-ஆம் காண்டத்தில் குரோமிஸ் என்றும் 17-இல் குரோமியஸ் என்றும் வருகிறான். எதிர்ப்பக்கம் கிரேக்கரிலும் ஒருவன், 4-ஆம் காண்டத்தில் நெஸ்டரின் படைத்தலைவன்.

இப்போது 4-ஆம் காண்டம் 295-ஆம் அடியையும் 5-ஆம் காண்டம் 677-ஆம் அடியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதலாவது பைலோஸ் ஊர்க்காரர்களைச் சொல்கிறது, இரண்டாவது லிசியாக்காரர்களை. இரண்டு அடியின் பின்பாதியும் எழுத்துக்கு எழுத்து ஒன்று: ‘அலாஸ்டொரா தெ குரோமியொன் தெ’. அலாஸ்டரையும் குரோமியஸையும் என்று பொருள். ஒரு ஊரில் இந்த இருவர் நண்பர்கள், இன்னொரு ஊரிலும் அதே பேரில் இருவர் நண்பர்கள் என்பது இல்லை கணக்கு. யாப்புக்குள் கச்சிதமாக உட்காருகிற அரை அடி ஒன்று பாடுகிறவர் நாக்கில் இருக்கிறது. ஆள் தேவைப்படும்போது அது வந்து விழுகிறது. வில்லுப்பாட்டில் புலவர் மூச்சு வாங்கும் இடத்தில் பழகின அடி ஒன்று தானாக வந்து உட்காருவதைக் கேட்டவர்களுக்கு இது புதிதாக இராது. பட்ரோக்ளஸின் ஒன்பது பேர் பட்டியலில் வருகிற பைலார்டீஸ், 11-ஆம் காண்டத்தில் ஏஜாக்ஸிடம் ஒருமுறை அடிபட்டவர். மெலனிப்பஸ் டியூசர் பட்டியலிலும் இருக்கிறார், பட்ரோக்ளஸ் பட்டியலிலும் இருக்கிறார், நடுவே 15-இல் ஹிகெட்டேயன் மகனாக அன்டிலோகஸிடமும் சாகிறார். இப்படிப் பட்டியலில் வருகிற பேர்களுக்குக் குடும்ப வரலாறு தேடிப் போவது வீண் வேலை.

நோட்டு எப்படிப் போடுவது என்று சொல்லிவிடுகிறேன். ஏழு கட்டம் போதும்: பேர், தகப்பன், தாய், ஊர், எந்தப் பக்கம், கொன்றவர், நூலும் காண்டமும் அடியும். ஆளுக்கு ஒரு வரி என்று தொடங்கினால் நோட்டு கெட்டுவிடும். பேர் வருகிற இடத்துக்கு ஒரு வரி என்றுதான் எழுத வேண்டும். அந்த இடத்தில் கவிஞர் சொன்னதை மட்டும் எழுதுங்கள். வேறு காண்டத்தில் படித்த தகப்பன் பேரை இங்கே கொண்டுவந்து நிரப்பக் கூடாது. கட்டம் காலியாக இருந்தால் இருக்கட்டும். எல்லாம் எழுதிய பிறகு, ஒரே ஆள் என்று நிரூபணமான வரிகளைப் பென்சிலால் கோடு இழுத்துச் சேர்க்கலாம். பென்சில் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலான தவறுகள், முதலில் சேர்த்துவிட்டுப் பிறகு பிரிக்க முடியாமல் தவிப்பதால் வருகிறவை.

இலியட்டைப் பொறுத்தவரை அதிகம் உதவுகிற கட்டம் ‘கொன்றவர்’. தகப்பன் பேர் சொல்லாத இடத்தில்கூடக் கொன்றவர் பேரைக் கவிஞர் விடமாட்டார். இலியட்டுக்கு வெளியே போனால் அது அவ்வளவு பயன்படாது. அங்கே தலைமுறைக் கணக்கு பார்க்க வேண்டும். டிராய் போரைப் பூஜ்யமாக வைத்துக்கொள்ளுங்கள். ஜேசனோடு பொன் ஆட்டுத்தோலைத் தேடி ஆர்கோ கப்பலில் போனவர்கள் ஒரு தலைமுறை மேலே, ஏனென்றால் பெலியஸும் டெலமோனும் அதில் போனவர்கள். அவர்கள் பிள்ளைகள் அகிலீஸும் ஏஜாக்ஸும்தான் டிராயில் சண்டை போடுகிறார்கள். தீப்ஸ் மேல் போன எழுவரும் ஒரு தலைமுறை மேல், டயோமிடீஸின் அப்பா டைடியஸ் அவர்களில் ஒருவர். கிரீட்டின் மினோஸ் இரண்டு தலைமுறை மேல், பேரன் இடோமினியஸ் டிராயில் நிற்கிறான். இந்தக் கோலை வைத்து அளந்தால் டியூகேலியன் மூன்றாகப் பிரிந்துவிடும். பிரளயத்தில் பெட்டியேறிப் பிழைத்த ப்ரொமீத்தியஸ் மகன் எங்கேயோ உச்சியில். மினோஸின் மகனும் இடோமினியஸின் அப்பாவுமான டியூகேலியன் ஒரு படி மேலே. 20-ஆம் காண்டத்தில் அகிலீஸ் கொல்கிற டிராய்க்காரன் பூஜ்யத்தில்.

தலைமுறை என்றதும் பேரன் வந்துவிடுவான். பேரன் என்ற சொல்லே பெயரன்தான், தாத்தா பேரைத் தாங்குகிறவன். கிரேக்கர் வீட்டிலும் இந்த வழக்கம் உண்டு, கதைகளில் அது அப்படியே பதிந்திருக்கிறது. தீப்ஸ் அரசன் கிரியோனின் அப்பா மெனோசியஸ். ஊரைக் காக்க உயிர் கொடுக்கிற கிரியோனின் மகனும் மெனோசியஸ். லெம்னாஸ் தீவின் அரசர் தோவாஸ். அவர் மகள் ஹிப்சிபிலிக்கும் ஜேசனுக்கும் பிறந்த இருவரில் ஒருவன் தோவாஸ், இது தாய்வழித் தாத்தா பேர். இதில் சேராத தோவாஸ்களும் உண்டு: 40 கப்பலோடு வந்த ஏட்டோலியாவின் தோவாஸ், இஃபிஜினியா கதையில் வரும் டாரியர் அரசன் தோவாஸ், 16-ஆம் காண்டத்தில் மெனலாஸிடம் சாகும் டிராய்க்காரன் தோவாஸ்.

கிளாக்கஸ் குடும்பம் இதற்கு நல்ல பயிற்சி. 6-ஆம் காண்டத்தில் லிசியாவின் கிளாக்கஸ் தன் வம்சத்தைத் தானே சொல்கிறான்: சிசிஃபஸ் மகன் கிளாக்கஸ், அவன் மகன் பெல்லரஃபோன், அவன் மகன் ஹிப்போலோகஸ், அவன் மகன் நான். ஆக, பூட்டன் பேர். அந்தப் பூட்டன் கிளாக்கஸ்தான் அரசன் பெலியாஸின் (பெலியஸ் வேறு ஆள்) ஈமப் போட்டியில் தேரோட்டி, தன் குதிரைகளாலேயே கடித்துக் குதறப்பட்டவன், ஊர் பொட்னியாய். இவர்களுக்குச் சம்பந்தமே இல்லாமல் இன்னும் இருவர். மினோஸின் பிள்ளை கிளாக்கஸ் தேன் சாடிக்குள் விழுந்து செத்து, குறிகாரர் பாலியிடஸால் பிழைத்தவன். அந்தெடன் ஊர் மீனவன் கிளாக்கஸ் ஒரு மூலிகையைத் தின்று கடல் தெய்வம் ஆனவன். நாடக ஆசிரியர் எஸ்கிலஸ் இவர்களில் இருவரைப் பற்றி நாடகம் எழுதியபோது, தலைப்பிலேயே ‘பொட்னியாய் கிளாக்கஸ்’, ‘கடல் கிளாக்கஸ்’ என்று பிரிக்க வேண்டியிருந்தது. செக்கடி வீட்டுச் சுடலை மாதிரிதான்.

தகப்பன் பேர் கட்டம் எப்போதும் காப்பாற்றும் என்று நம்பிவிட வேண்டாம். ஆர்கஸைப் பாருங்கள். உடம்பெல்லாம் கண் உள்ள காவல்காரன் ஒரு ஆர்கஸ். ஆர்கோ கப்பலைக் கட்டிய தச்சன் ஒரு ஆர்கஸ். ஒருவன் ஹெர்மிஸ் தெய்வத்திடம் செத்தவன், மற்றவன் கடலோடி. குழப்பமே இல்லை என்று தோன்றும். ஆனால் ஆர்கோ பயணத்தைப் பாடிய அப்பொலோனியஸ் தன் காவியத்தில் தச்சனை அரெஸ்டரின் மகன் என்கிறார். லத்தீன் கவிஞர் ஓவிட் காவல்காரனை அரெஸ்டரின் மகன் என்கிறார். பேரும் ஒன்று, தகப்பனும் ஒன்று, ஆள் வேறு. போதாக்குறைக்கு, கப்பலைக் கட்டியது ஃப்ரிக்ஸஸின் மகன் ஆர்கஸ் என்கிறது அப்பொலோடோரஸின் பேரில் வழங்கும் புராணத் தொகுப்பு. அப்பொலோனியஸிடம் அந்த ஃப்ரிக்ஸஸ் மகன் வேறு ஆளாக நடுவழியில் கப்பலேறுகிறான். ஆர்கோஸ் நகரத்துக்குப் பேர் தந்த ராஜா ஆர்கஸ் வேறு இருக்கிறார். கடைசியாக ஒடிசியஸின் நாய், 20 வருஷம் காத்திருந்து எஜமானைப் பார்த்ததும் உயிரை விட்டது. அதன் பேரும் இதே. மனுஷனுக்கும் மிருகத்துக்கும் ஒரே பேர் இருந்ததை வைத்துத் துரோணரையே சாய்த்தது நம் பாரதம். அசுவத்தாமா என்ற யானை இல்லையென்றால் அந்தப் பொய்க்குப் பாதி உண்மை கிடைத்திருக்காது.

சில பேர்கள் பேரே இல்லை, பதவி. கிரியோன் என்றால் ஆள்கிறவன். தீப்ஸிலும் ஒரு கிரியோன், கொரிந்திலும் ஒரு கிரியோன் என்றால், கதைக்கு ஒரு ராஜா தேவைப்பட்டிருக்கிறது என்றுதான் பொருள். அதன் பெண்பால் கிரியூசா. ஏதென்ஸ் எரெக்தியஸின் மகள், டிராய் வீரன் ஈனியஸின் முதல் மனைவி, ஒரு நீர்த்தேவதை, பிறகு ஜேசன் கைவிட்ட மெடியாவின் விஷப் புடவையில் வெந்துபோகிற கொரிந்து இளவரசி. இந்தக் கடைசிப் பெண்ணுக்கு யூரிப்பிடீஸின் நாடகத்தில் பேரே கிடையாது. பின்னால் வந்தவர்கள் சிலர் கிளாக்கி என்றார்கள், சிலர் கிரியூசா என்றார்கள். கோடு இழுத்துச் சேர்க்க வேண்டிய இடம் இது: பேர் இரண்டு, ஆள் ஒன்று. யூரிடிசியும் இதே ரகம்தான், ‘பரந்த நீதி’ என்று பொருள். தீப்ஸ் கிரியோனின் மனைவி, நெஸ்டரின் மனைவி, அக்ரிசியஸின் மனைவி, நெமியா லைகர்கஸின் மனைவி என்று ராணிகளுக்கே அதிகம் போகிற பேர். உலகமே அறிந்த ஆர்ஃபியஸின் யூரிடிசியை ஹெர்மெசியானக்ஸ் என்ற பழைய கவிஞர் அக்ரியோபே என்கிறார்.

சிக்னஸ் என்றால் அன்னம். இந்தப் பேரைப் பிள்ளைக்கு வைத்தால் அவன் அன்னமாகத்தான் மாறுவான் போலும். ஓவிட் ஒரே நூலில் மூன்று சிக்னஸ்களைப் பறவையாக்குகிறார், 2, 7, 12-ஆம் காண்டங்களில். செத்துப்போன சூரியன் மகன் ஃபேயத்தனுக்காக அழுது மாறியவன் ஒருவன், மலையுச்சியிலிருந்து குதித்து மாறியவன் ஒருவன், ஆயுதம் துளைக்காத உடம்பென்று அகிலீஸ் கழுத்தை நெரித்ததால் மாறியவன் ஒருவன். பேர் கதையைப் பெற்றிருக்கிறது. இங்கே ‘எப்படி மாறினான்’ என்று தனிக் கட்டம் போட்டுப் பிரிக்கப் போனால் மூவரும் ஒட்டிக்கொள்வார்கள். தகப்பனையும் ஊரையும் பிடியுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் உண்மையிலேயே பலர். உரைகாரர்கள் உண்டாக்கின பலரும் உண்டு. பாஃப்ளகோனியர் அரசன் பைலமெனீஸை 5-ஆம் காண்டத்தில் மெனலாஸ் காறையெலும்பில் குத்திக் கொன்றுவிடுகிறான். 13-ஆம் காண்டத்தில் அதே பைலமெனீஸின் மகன் ஹார்பாலியன் சாகும்போது, அப்பா அழுதுகொண்டே பிணத்தோடு நடக்கிறார். செத்தவர் எப்படி நடந்தார்? பழைய உரைகாரர்களில் சிலர், இந்தப் பேரில் இரண்டு பேர் என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. பேர், நாடு, பதவி எல்லாம் பொருந்துகிற இடத்தில், இறப்பு ஒன்று மட்டும் இடிக்கிறது என்பதற்காக ஆளை இரண்டாக்குவது ஓட்டைக்குப் போட்ட ஒட்டு. பாடினவர் 5-இல் கொன்றதை 13-இல் மறந்துவிட்டார் என்பது எளிய விடை. அட்ரஸ்டஸுக்கும் இவருக்கும் வித்தியாசம் இதுதான்: அங்கே பிரிப்பதற்குத் தனித் தகப்பனும் ஊரும் இருக்கின்றன, இங்கே ஒன்றுமில்லை.

அட்டலான்டா இன்னும் சிக்கல். அர்க்கேடியாவில் இயாசஸின் மகள், கரடி பால் குடித்து வளர்ந்தவள், கலிடோன் பன்றியை முதலில் அம்பால் அடித்தவள், கணவன் மெலானியன். போயோட்டியாவில் ஸ்கோனியஸின் மகள், ஓட்டப் பந்தயத்தில் மூன்று பொன் ஆப்பிளுக்குக் குனிந்து தோற்றவள், கணவன் ஹிப்போமெனீஸ். தகப்பன் வேறு, ஊர் வேறு, கணவன் வேறு, விதிப்படி இருவர். ஆனால் அப்பொலோடோரஸ் பேரிலுள்ள நூல் அர்க்கேடியா அட்டலான்டாவையே ஓட்டப் பந்தயமும் ஓட வைத்து, மெலானியன் கையில் ஆப்பிளைக் கொடுத்துவிடுகிறது. இரண்டு வரியாகவே விட்டுவிட்டு நடுவில் புள்ளிக் கோடு போடுங்கள். சில்லா கதையில் அது வேண்டாம்: ஆறு தலை கடல் பூதமும், அப்பா நைசஸின் தலைமுடியை அறுத்த மெகாரா இளவரசியும் வேறு வேறுதான். அதைக் கலந்தது லத்தீன் கவிஞர் வெர்ஜில், தம் ஆயர் பாடல்களில் ஆறாவதில், தெரிந்தேதான் செய்திருப்பார்.

யூரிபடீஸ் என்ற தூதனைச் சொல்லாமல் விட முடியாது. அகமெம்னானுக்கு ஒரு யூரிபடீஸ், 1-ஆம் காண்டத்தில் அகிலீஸிடமிருந்து பிரிசெயிஸ் என்ற சிறைப்பெண்ணை அழைத்துவரப் போகிறவன். ஒடிசியஸுக்கு ஒரு யூரிபடீஸ், 2-ஆம் காண்டத்தில் அவன் வீசிய மேலங்கியை எடுத்துக்கொள்கிறவன். ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசி 19-இல் கூன் தோள், கறுத்த மேனி, சுருட்டை முடி என்று அடையாளமும் சொல்லப்படுகிறது. பேருக்குப் பொருள் நெடுந்தூரம் நடப்பவன், தூதனுக்கு இதைவிடப் பொருத்தமான பேர் ஏது. 9-ஆம் காண்டத்தில் அகிலீஸைச் சமாதானம் பண்ண ஒடிசியஸும் மற்றவர்களும் போகும்போது கூட ஒரு யூரிபடீஸ் போகிறான். அனுப்புகிறவன் அகமெம்னான், போகிறவன் ஒடிசியஸ். யாருடைய ஆள்? அந்த வரியைக் கோடு இல்லாமலே விட்டுவிடுவதுதான் நேர்மை.

இந்தச் சள்ளை நம் பக்கத்துக் கல்வெட்டு படிக்கிறவர்களுக்கும் பழகினதுதான். மாறவர்மன் சுந்தர பாண்டியன் என்று 1216-இல் பட்டத்துக்கு வந்தவர் ஒருவர், 1238-இல் வந்தவர் இன்னொருவர். 1251-இல் சடையவர்மன் சுந்தர பாண்டியன். ‘சோணாடு வழங்கியருளிய’ என்ற அடைமொழி இருந்தால் முதலாமவர். அடைமொழி உடைந்துபோன கல்லில் ஆட்சியாண்டு, திதி, கிழமை, நட்சத்திரம் பார்த்துக் கணிக்க வேண்டும்.

கடைசியாக நம் எழுத்தால் வருகிற குழப்பம். ஆர்கோஸ் ஊர், ஆர்கஸ் ஆள், ஆர்கோ கப்பல். கிளாக்கஸ் ஆண், கிளாக்கி பெண். லத்தீன் முடிவான ‘அஸ்’ ஒரு புத்தகத்திலும் கிரேக்க முடிவான ‘ஓஸ்’ இன்னொன்றிலும் இருந்தால் ஒரே ஆள் இரண்டு வரியில் ஏறிவிடுவார். முதல் பக்கத்திலேயே ஒரு முடிவைத் தேர்ந்துகொண்டு, மற்றதை ‘பேர்’ கட்டத்தின் ஓரத்தில் குறித்துவையுங்கள். ஆனால் பல்லாஸில் இதுவும் எடுபடாது. டைட்டன் பல்லாஸ், அதீனா தோலுரித்த அரக்கன் பல்லாஸ், 50 பிள்ளை பெற்ற தீசியஸின் சித்தப்பா பல்லாஸ், டர்னஸிடம் செத்த இவாண்டரின் மகன் பல்லாஸ், எல்லாரும் ஆண். அதீனாவின் பட்டப்பேரும் பல்லாஸ். கிரேக்கத்தில் எழுவாயில் ஒன்றாக இருந்தாலும், ‘உடைய’ என்ற வேற்றுமையில் ஆணுக்குப் பல்லான்டொஸ், பெண்ணுக்குப் பல்லாடொஸ் என்று பிரிந்துவிடும். தமிழில் இரண்டுமே ‘பல்லாஸின்’. அந்த ஒரு பேருக்கு மட்டும் ஓரத்தில் ஆ, பெ என்று எழுதிக்கொள்ளுங்கள்.